பைக் சூடானதும் பிளக்கில் பொறி போய்விடுகிறது: பிக்கப் காயிலா, சிடிஐயா?

250 சிசி டூயல் ஸ்போர்ட் பைக் (தார்ச்சாலை, மண்சாலை இரண்டுக்குமானது), ஏர் கூல்டு, கார்புரேட்டர், 31,000 கி.மீ. ஓடியது. மூன்று வாரமாக, நாற்பது நிமிடம் ஓட்டியதும் திடீரென அணைந்துவிடுகிறது. இருபது நிமிடம் ஆறவிட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது.

நெடும்பயணத்துக்காகப் பெரிய டேங்க் போட்டிருந்ததால் முதலில் பெட்ரோல் வரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். மூடியைத் திறந்து வைத்தேன், ஃபில்டர் மாற்றினேன், கார்புரேட்டர் ஜெட்டுகளைக் (பெட்ரோல் வரும் சிறு துளைகள்) கழுவினேன். பலனில்லை. பிறகுதான் அணைந்த கையோடு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்: பொறியே இல்லை! அதை அப்போதே பார்த்திருக்க வேண்டும்.

பிளக், இக்னிஷன் காயில் இரண்டும் மாற்றியாயிற்று. சைடு ஸ்டாண்டு சுவிட்சும் சரி. மிச்சம் இரண்டு: பொறி விழ வேண்டிய நேரத்தைச் சைகையாகத் தரும் பிக்கப் காயில், அந்தச் சைகையை வாங்கி இக்னிஷன் காயிலை இயக்கும் மின்னணுப் பெட்டியான சிடிஐ. பிக்கப் காயிலின் மின்தடை ஆறிய நிலையில் 200 ஓம், சூட்டில் 240.

அடுத்த மாதம் 3,000 கி.மீ. மண்சாலைப் பயணம். சிடிஐ வாங்குவதற்கு முன் கேட்கிறேன்: சூடான நிலையில் எதை, எப்படிச் சோதித்தால் பழுது பிக்கப் காயிலிலா சிடிஐயிலா என்று உறுதியாகத் தெரியும்?