அல்சைமர் மருந்தான மெமன்டைன் மட்டும் தேறியது எப்படி?

கேள்வி: பக்கவாதத்தில் குளுட்டமேட் (நியூரான்கள் சைகை அனுப்பும் வேதிப்பொருள்) வெள்ளமாகக் கொட்டி, அது ஒட்டும் என்எம்டிஏ ஏற்பி வழியே கால்சியம் புகுந்து நியூரான் சாகிறது. அப்படியானால் ஏற்பியை அடைத்தால் போதுமே? அப்படி அடைக்கும் செல்ஃபோடெல், அப்டிகனெல் மருந்துகள் பக்கவாதச் சோதனையில் ஏன் தோற்றன, அதே ஏற்பியை அடைக்கும் மெமன்டைன் மட்டும் எப்படித் தேறியது?

பதில் 1: அதே ஏற்பிதான் நினைவுக்கும் கற்றலுக்கும் வேண்டும். இறுக அடைத்தால் மாயத்தோற்றம், குழப்பம், மயக்கம். போதிய அளவு கொடுக்கவே முடியவில்லை. நேரமும் உதைக்கிறது: எலிக்கு ரத்தக்குழாய் அடைப்புக்கு முன்போ உடனேயோ ஊசி போட்டுப் பார்ப்பார்கள், நோயாளியோ பல மணி நேரம் கழித்து வருகிறார்.

பதில் 2: மெமன்டைன் ஏற்பியின் திறந்த வாய்க்காலுக்குள்தான் நுழையும், பிடி தளர்வு, சட்டென வெளியேறும். இயல்பான சைகை கடந்துபோகும், இடைவிடாத கசிவுதான் தடைபடும். அதே ஏற்பியை அடைக்கும் எம்கே-801 என்ற ஆய்வுப் பொருள் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், வம்பே அதுதான். ஆனால் ஒன்று: அல்சைமரில் மெமன்டைன் அறிகுறியைக் கொஞ்சம் தணிக்கிறது, அவ்வளவே. மனித மூளையில் செல்லைக் காக்கிறது என்பதற்கு நிரூபணமில்லை.

பதில் 3: மெமன்டைன் சாதாரண மாத்திரை என்றால் நாளுக்கு 5 மி.கி.யில் தொடங்கி, வாரம் 5 மி.கி. கூட்டி, 20 வரை. அவசரப்பட்டால் தலைசுற்றல். கிரியாட்டினின் வெளியேற்றம் (சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதன் அளவு) நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே போனால் நாளுக்கு 10 மி.கி.யைத் தாண்ட மாட்டார்கள். பலர் மறப்பது: சிறுநீர் காரத்தன்மையானால் மருந்து தேங்கும். சிறுநீரைக் காரமாக்கும் சோடியம் பைகார்பனேட்டை நோயாளி எடுக்கிறாரா என்று கேளுங்கள். அதே ஏற்பியை அடைக்கும் அமன்டடின், கீட்டமைன், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனோடு சேர்ப்பதைத் தவிர்க்கவும். இருமல் மருந்திலும் கடைசியது ஒளிந்திருக்கும்.