மறு: ‘பிரைஸ் ரெவல்யூஷன்’ – ‘விலைப் புரட்சி’ சரிதானா?

> 16ஆம் நூற்றாண்டை ஒட்டி மேற்கு ஐரோப்பாவில் விலைகள் நெடுங்காலம் ஏறியதைக் குறிக்கும் ‘பிரைஸ் ரெவல்யூஷன்’ என்பதை, நான் எழுதும் பாடத்தில் ‘விலைப் புரட்சி’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவர்களில் சிலர், விலை உயர்வை எதிர்த்து மக்கள் நடத்திய புரட்சி என்று புரிந்துகொண்டார்கள். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புள்ள அம்மாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

மாணவர்கள் அப்படிப் புரிந்துகொண்டது இயல்புதான். பிரெஞ்சுப் புரட்சி, ரஷ்யப் புரட்சி என்று படித்துவிட்டு வரும் பிள்ளைக்குப் புரட்சி என்றால் மக்கள் எழுந்து ஆட்சியைக் கவிழ்ப்பது. பசுமைப் புரட்சி, வெண்மைப் புரட்சி என்று இன்னொரு வழக்கும் இருக்கிறது. அங்கே அது நன்மை தந்த பாய்ச்சல். அந்த வழக்கை வைத்துப் படித்தால் ‘விலைப் புரட்சி’ என்பது விலை தடாலடியாகக் குறைந்த நற்செய்தி ஆகிவிடும். ஜெர்மானிய ஆய்வாளர் கியோர்க் வீபே 1895இல் தன் நூலின் தலைப்பிலேயே இந்தச் சொல்லை வைத்தார். அவர் மொழியில் அது ‘தலைகீழ் மாற்றம்’ என்ற பொருளையும் தாங்கும். தமிழில் எழுச்சிதான் முன்னால் வந்து நிற்கிறது.

ஆனால் இந்த இழையில் மாற்றாக வந்த ‘பெரும் பணவீக்கம்’, ‘வெள்ளிப் பெருக்கு’ இரண்டையும் நான் அதைவிட வலுவாக எதிர்க்கிறேன். அதற்குக் காரணம் சொல்ல, எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரித்துப் பேச வேண்டும்.

15ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தொடங்கி ஏறக்குறைய 1650 வரை மேற்கு ஐரோப்பாவில் விலைகள் ஏறிக்கொண்டே போயின. நூற்றைம்பது ஆண்டில் ஐந்தாறு மடங்கு. ஆண்டுக்கு என்று வகுத்தால் ஒன்று, ஒன்றரை விழுக்காடுதான் வரும். இன்றைய கணக்கில் இது ஒன்றுமே இல்லை. அன்றைய மனிதர்களுக்கு அப்படி இல்லை. 1347இல் வந்த கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொண்டுபோன பிறகு, 15ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி தானிய விலை தேங்கியோ இறங்கியோதான் கிடந்தது. அந்த நினைப்பில்தான் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. இங்கிலாந்தில் குத்தகையை ‘மூன்று ஆயுள்’ வரைக்கும், அதாவது பத்திரத்தில் பெயர் சொன்ன மூன்று பேரும் இறக்கும் வரைக்கும், ஒரே தொகையாக நிர்ணயித்த பத்திரங்கள் உண்டு. விலை ஏற ஏற அந்தத் தொகை கரைந்தது. பழைய வாடகையை நம்பியிருந்த நிலக்கிழார் நொடித்தார், அதே வாடகையைக் கட்டிய குத்தகைதாரர் தழைத்தார். வரியை எளிதில் கூட்ட முடியாத அரசர்கள் கடனில் விழுந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் சிறிதாக, யாரும் நிறுத்த முடியாதபடி, தலைமுறை தலைமுறையாக நடந்தது இது. இந்த நீட்சிதான் சொல்லில் வர வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

சரி, ஏன் ஏறியது? சண்டை இங்கேதான்.

அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்த வெள்ளிதான் காரணம் என்பது பழைய கட்சி. அந்தக் காலத்திலேயே அதைச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். சலமான்கா பல்கலைக்கழக மரபில் வந்த மார்ட்டின் டி அஸ்பில்குவேட்டா 1556இல், பணம் அரிதாக இருக்கும் நாட்டில் பொருளும் உழைப்பும் மலிவு, பணம் பெருகிய நாட்டில் அவை விலை அதிகம் என்று எழுதினார். பிரான்சில் ழான் போதேன் 1568இல் அதையே வாதமாக முன்வைத்தார். 1934இல் ஏர்ல் ஹாமில்டன் ஸ்பெயினின் பதிவேடுகளைத் தோண்டி, செவில் நகருக்கு வந்த வெள்ளியையும் ஸ்பெயினின் விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். 1503 முதல் 1660 வரை பதிவேட்டில் ஏறிய வெள்ளி மட்டுமே 16,000 டன்னுக்கு மேல்.

அந்த வெள்ளியின் கதை உங்கள் பாடத்தில் எவ்வளவு இடம் பெறுகிறதோ தெரியாது, குறைத்துவிடாதீர்கள். இன்றைய பொலிவியாவில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிற பொட்டோசி மலையில் 1545இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மெக்சிகோவில் சகடேகாஸ். தொடக்கத்தில் நல்ல கனிமத்தை மட்டும் உருக்கினார்கள். 1550களில் பார்த்தலோமே டி மெதினா என்பவர் மெக்சிகோவில் பாதரசத்தைக் கலந்து மட்டமான கனிமத்திலிருந்தும் வெள்ளி எடுக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பெருவின் உவாங்காவெலிகா சுரங்கத்தில் பாதரசமும் கிடைத்தது. 1570களில் பெருவை ஆண்ட ஸ்பானிய அரசப் பிரதிநிதி தொலேதோ பழங்குடி ஊர்களிலிருந்து ஆண்டுக்கு 13,000 பேருக்கு மேல் முறைவைத்துக் கட்டாய வேலைக்கு இழுத்துவர ஏற்பாடு செய்தார். (இந்த முறைக்கு இன்கா காலத்துப் பெயரே நிலைத்தது. அதை ‘மிட்டா’ என்று எழுதினால் நம் மிட்டா மிராசோடு குழம்பும். ‘மீத்தா’ என்று எழுதுங்கள்.) சுரங்கத்தின் இருட்டிலும் பாதரச நஞ்சிலும் மாண்டவர்களின் உழைப்புதான் செவில் துறைமுகத்தில் கட்டிகளாக இறங்கியது. ஐரோப்பிய விலைவாசியைப் பற்றிய எந்தப் பாடமும் அவர்களைத் தாண்டிப் போகக் கூடாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டும், வெள்ளிக் கட்சியின் வழக்கு முழுதாக நிற்கவில்லை. அமெரிக்க வெள்ளி பெருமளவில் வரத் தொடங்கியது 1550களுக்குப் பிறகு, பெருவெள்ளமானது பாதரச முறை பொட்டோசிக்குப் போன 1570களுக்குப் பிறகு. விலைகளோ அதற்கு இரண்டு மூன்று தலைமுறை முன்பே ஏறத் தொடங்கிவிட்டன. அந்த முதல் கட்டத்துக்கு மத்திய ஐரோப்பிய வெள்ளியைக் காட்டுவார்கள். டிரோல் மலைகளில் ஷ்வாட்ஸ், பொகீமியாவில் 1516இல் தொடங்கிய யோவாக்கிம்ஸ்தால் என்று வெள்ளிச் சுரங்கங்கள் எல்லாம் உண்டுதான். (டாலர் என்ற பெயர் பிறந்தது யோவாக்கிம்ஸ்தாலில் அடித்த காசிலிருந்து.) ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பணம் பெருகியது மட்டுமே காரணம் என்றால் எல்லாப் பொருளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஏறியிருக்க வேண்டும். அப்படி ஏறவில்லை. தானியம் மிக வேகமாக ஏறியது, துணியும் உலோகச் சாமான்களும் மெதுவாக ஏறின, கூலி எல்லாவற்றுக்கும் பின்னால் நொண்டியது. தென் இங்கிலாந்துக் கட்டடத் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு புகழ்பெற்ற கணக்கின்படி, 1600ஐ ஒட்டி அவர்கள் கூலிக்கு வாங்க முடிந்த பொருள் நூறாண்டுக்கு முன் வாங்கியதில் பாதிகூட இல்லை.

இதைத்தான் மக்கள்தொகைக் கட்சி பிடித்துக்கொள்கிறது. கொள்ளைநோயில் இழந்த மக்கள்தொகை 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மீண்டு வளர்ந்தது. வாய் கூடியது, விளைநிலம் அந்த அளவுக்குக் கூடவில்லை. அதனால் சோறு விலை ஏறியது, வேலை தேடும் கைகள் மலிந்து கூலி தேங்கியது. இந்த விளக்கத்துக்கும் ஓட்டை உண்டு. தானியத்துக்கு அதிகம் செலவழித்தால் மற்றவற்றுக்குச் செலவு குறைந்து அவற்றின் விலை இறங்க வேண்டுமே, அவையும் ஏன் ஏறின? அதற்கு மறுபடியும் பணத்திடம்தான் போக வேண்டியிருக்கிறது.

இரண்டு கட்சியும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ‘பணவீக்கம்’ என்று எழுதியதும் நாம் ஒரு கட்சிக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே பணம்தான் வீங்கியது என்ற விளக்கம் உட்கார்ந்திருக்கிறது. அன்றாடப் பேச்சில் அது தேய்ந்துபோய் யாருக்கும் உறுத்தாது. ஆனால் காரணமே வழக்காக இருக்கும் ஒரு நிகழ்வுக்கு அதைப் பெயராக வைத்தால், மாணவர் பாடத்தைத் திறக்கும் முன்பே விடை சொல்லப்பட்டுவிடுகிறது. ‘வெள்ளிப் பெருக்கு’ இன்னும் மோசம். அதைத் தனியாக, வெள்ளி வரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மிக அழகான சொல். எனவே என் இரண்டாவது கோரிக்கை: பெயர் நடந்ததைச் சொல்லட்டும், காரணத்தைச் சொல்ல வேண்டாம்.

‘ஐரோப்பிய’ என்ற அடையும் வேண்டாம் என்பேன், இது ஐரோப்பாவோடு நின்ற கதை அல்ல. உதுமானியப் பேரரசில் 1580களில் அக்சே நாணயத்தின் வெள்ளியைப் பெரிதும் குறைத்தார்கள். 1589இல் மட்டமான காசில் சம்பளம் வாங்க மறுத்து சுல்தானின் காலாட்படையான ஜானிசாரிகள் கலகம் செய்தார்கள். சீனாவில் மிங் அரசு பலவகை வரிகளை ஒன்றாக்கி வெள்ளியில் கட்டச் சொன்னது. 1571இல் ஸ்பானியர் மணிலாவை நிறுவியதும் அமெரிக்க வெள்ளி பசிபிக்கைத் தாண்டி நேரே சீனாவுக்குப் போனது. நம் சோழமண்டலக் கரைத் துணிக்கும் இந்த உலோகங்கள்தான் விலையாக வந்து இறங்கின.

‘விலைவாசி உயர்வு’ என்று சொன்ன நண்பரின் சொல் இந்த இரண்டு கோரிக்கைக்கும் நெருக்கமானது. குறை ஒன்றுதான்: எந்த ஊரின் எந்த வாரத்து விலைக்கும் அதைச் சொல்லலாம். ‘பெரு விலையேற்றம்’ என்றால், ஏற்றம் பெரிதாகவும் திடீரென்றும் வந்தது போல் தோன்றும். ஒன்றரை விழுக்காட்டைப் பெருமை என்று சொல்ல முடியாது. நெடுமை என்று சொல்லலாம். ஆகவே என் முன்மொழிவு: நெடுவிலையேற்றம்.

அன்புடன்.

*

> ஐயா, காரணத்தைப் பெயரில் வைக்க வேண்டாம் என்பது எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் ‘நெடுவிலை’ என்று சேர்த்துப் படித்துவிட்டு, நெடிய விலை என்றால் என்ன என்று கேட்பார்கள். அப்புறம், ஏற்றம் என்று மட்டும் சொன்னால் கூலியும் தானியமும் வேறு வேறு வேகத்தில் போனது விட்டுப்போகிறதே. ‘விலைப் பிறழ்வு’ எப்படி?

வணக்கம் நண்பரே.

பிறழ்வு என்றால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து தவறியது. மனப்பிறழ்வு என்பதில் அதுதான் பொருள். 1470ஆம் ஆண்டு விலைதான் நியாயமான விலை, மற்றது கோளாறு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அந்தக் குறைந்த விலையே கொள்ளைநோய் மக்களை அழித்ததால் வந்தது. கூலியும் தானியமும் விலகிப்போன செய்தியைப் பாடத்தின் முதல் பத்தியில் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் ஏற்றினால் அது வாயில் நுழையாது.

பிரித்துப் படிப்பதைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். நெடுமை ஏற்றத்துக்கு உரியது, விலைக்கு அல்ல. அப்படியானால் அதை ஏற்றத்தோடே சேர்த்துவிடுவோம். நெடு என்பது உயிரெழுத்தின் முன் வரும்போது நெட்டு ஆகும்: நெட்டெழுத்து, நெட்டுயிர்ப்பு, நெட்டிலை. நன்னூல் இதைத் தன்னொற்று இரட்டல் என்று சொல்கிறது. அந்த வழியில் ‘விலை நெட்டேற்றம்’. இரண்டே சொல், எங்கே பிரிப்பது என்ற ஐயம் இல்லை, வாய்க்கும் வசதி. எனக்கு இது முன்னதைவிடப் பிடித்திருக்கிறது.

*

> நன்றி ஐயா. ‘விலை நெட்டேற்றம்’ என்றே தலைப்பில் போடுகிறேன். முதல் முறை வரும்போது ‘நெடுங்கால விலையேற்றம்’ என்று விளக்கம் தருகிறேன். அடுத்த பக்கத்தில் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் நாணய விவகாரம் வருகிறது. காசில் வெள்ளியைக் குறைப்பதற்கு ‘நாணய மதிப்பிறக்கம்’ போடலாமா?

வேண்டாம் அம்மா. மதிப்பிறக்கம் வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டது. ஒரு நாட்டு நாணயத்தின் அயல்மாற்று விகிதத்தை அரசு குறைப்பதற்கு எல்லாப் பொருளியல் நூல்களும் அதைத்தான் ஆள்கின்றன. ஹென்றி செய்தது காசுக்குள்ளேயே கைவைத்தது. 1544 முதல் 1551 வரை, அவர் காலத்திலும் மகன் எட்வர்ட் காலத்திலும், வெள்ளிக் காசில் செம்பைக் கூட்டிக்கொண்டே போய், நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை பங்கு வெள்ளி இருந்த காசைக் கால் பங்கு வரை இறக்கினார்கள். மேலே பூசியிருந்த வெள்ளி தேய்ந்ததும் அரசர் முகத்தில் மூக்கு மட்டும் சிவந்து தெரிந்ததால் மக்கள் அவருக்குச் ‘செம்பு மூக்கர்’ என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். இதைப் பாடத்தில் கட்டாயம் சேருங்கள். பிள்ளைகளுக்குப் பொருள் உடனே புரிந்துவிடும்.

பொற்கொல்லர்கள் உலோகத் தூய்மையை ‘மாற்று’ என்பார்கள், பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே அது. ‘மாற்றுக் குறைப்பு’ என்று வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் ‘நாணய மாற்றுக் குறைப்பு’ என்று எழுதியவுடன் நாணயமாற்று விகிதம் குறுக்கே வந்துவிடும். ‘நாணயத் தரக்குறைப்பு’ என்று போடுங்கள். கூலியின் வாங்கும் சக்திக்குப் பாடநூல்களில் ‘உண்மைக் கூலி’ என்று ஏற்கெனவே இருக்கிறது, அதை மாற்ற வேண்டியதில்லை.