பொருள்: ‘நேச்சுரல் பார்ன் சிட்டிசன்’: தமிழில் எப்படி எழுதலாம்? (அவசரம்)

மன்னார்குடி ஆசிரியை:
அன்பர்களுக்கு வணக்கம். பிளஸ் டூ அரசியல் அறிவியலுக்கு ஒரு கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். நம் குடியரசுத் தலைவருக்கான தகுதிகளில் சிக்கல் இல்லை. அரசமைப்பின் 58ஆம் உறுப்பு இந்தியக் குடியுரிமை, 35 வயது, மக்களவை உறுப்பினராகும் தகுதி ஆகியவற்றைத்தான் கேட்கிறது. எங்கே பிறந்தார் என்ற பேச்சே கிடையாது. அமெரிக்க அதிபருக்கும் 35 வயதுதான். 14 ஆண்டு அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். கூடவே தலைப்பில் உள்ள அந்தச் சொல்லும் ஒரு தகுதி; சிக்கல் அதில்தான். பழைய கையேட்டில் ‘இயற்கையாகப் பிறந்த குடிமகன்’ என்று இருக்கிறது. “அப்போ சிசேரியன்ல பிறந்தவங்க நிக்க முடியாதா டீச்சர்?” என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்கிறார்கள். துளசேந்திரபுரம் பக்கத்திலேயே இருப்பதால் கமலா ஹாரிஸ் பற்றியும் கேள்வி வரும். உதவுங்கள்.

நாகப்பட்டினம் வழக்கறிஞர்:
‘இயற்கை’, ‘இயல்பு’ இரண்டையும் தூக்கிவிடுங்கள் டீச்சர். நம் பாடநூலில் ‘இயல்புரிமை’ என்றால் வெளிநாட்டவர் விண்ணப்பித்துப் பெறும் குடியுரிமை. அமெரிக்காவில் அப்படிப் பெற்றவருக்குத்தான் இந்தப் பதவி கிடையாது. ஆஸ்திரியாவில் பிறந்த ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் 1983இல் குடியுரிமை வாங்கினார்; கலிபோர்னியாவுக்கு ஆளுநராக முடிந்தது, அதிபர் தேர்தலுக்கு நிற்க முடியாது. எதிர்ப்பொருள் தரும் சொல்லைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

கும்பகோணம் புலவர்:
தமிழில் வினைத்தொகை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டோம். ஊறுகாய், சுடுசோறு போலப் ‘பிறகுடி’. பிறந்த, பிறக்கின்ற, பிறக்கும் குடி. முக்காலமும் அடங்கிற்று, வல்லினமும் மிகாது. இதற்கு மேல் வேண்டுமென்றால் வள்ளுவரிடம் போகலாம். ‘குடிமை’ அதிகாரத்தின் முதற்குறளே “இற்பிறந்தார் கண்அல்லது இல்லை இயல்பாகச் செப்பமும் நாணும் ஒருங்கு” என்கிறது. இல், பிறப்பு, இயல்பு, குடிமை நான்கும் ஒரே இடத்தில் கிடக்கின்றன. ‘இற்பிறப்புக் குடிமை’ என்று ஆளலாம்.

திருவாரூர் அன்பர்:
புலவர் ஐயா கோபிக்கக் கூடாது. ‘பிறகுடி’ என்று எழுதினால் நூற்றுக்கு நூறு பேரும் ‘மற்ற குடி’ என்றுதான் படிப்பார்கள். இற்பிறப்பில் குலப்பெருமை வாசம் அடிக்கிறது. தேர்தல் தகுதியில் அது எதற்கு? ‘பிறவிக் குடிமகன்’ என்று யாரும் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அதைப் படித்தால் டாஸ்மாக்தான் ஞாபகம் வரும்.

தஞ்சாவூர் கல்வெட்டு அன்பர்:
நம் ஊர் மிராசு ஆவணங்களிலேயே சொல் இருக்கிறதே! ஊரிலேயே நிலைத்துப் பரம்பரையாகச் சாகுபடி உரிமை உள்ளவர் உள்குடி. வெளியூரிலிருந்து வந்து உழுபவர் புறக்குடி. ‘உட்குடி’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: உத்திரமேரூரில் பராந்தகன் காலத்து 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஊர்ச்சபையின் வாரிய உறுப்பினருக்கு 30 முதல் 60 வயது வைத்தது. 921இல் அது 35 முதல் 70 ஆயிற்று. அதே 35! வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு எல்லாம் கேட்டார்கள்.

கும்பகோணம் புலவர்:
உத்திரமேரூர் தொண்டை நாடு. சோழ நாட்டுச் சான்று தருக.

மன்னார்குடி ஆசிரியை:
ஐயா, இன்று புதன்கிழமை.

நாகப்பட்டினம் வழக்கறிஞர்:
சரி, விஷயத்துக்கு வருவோம். உட்குடி நல்ல சொல், ஆனால் அது வசிப்பைப் பேசுகிறது. அதற்குத்தான் 14 ஆண்டு விதி தனியாக இருக்கிறது. இங்கே கேள்வி, பிறந்த கணத்திலேயே குடியுரிமை இருந்ததா என்பது. ஆங்கிலேயச் சட்டத்தில் பிறப்பிலேயே மன்னருக்குக் கட்டுப்பட்ட குடிகளைக் குறித்த தொடர் இது. அதில் ‘சப்ஜெக்ட்’ போய் ‘சிட்டிசன்’ வந்தது, அவ்வளவுதான்.

ஹாரிஸ் 1964இல் ஓக்லந்தில் பிறந்தவர். தாய்வழித் தாத்தாவின் ஊர் துளசேந்திரபுரம் என்பதாலோ, பெற்றோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதாலோ அவர் தகுதி குறையாது. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் அமெரிக்கக் குடிமகனே என்று 1898இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1868இல் வந்த 14ஆம் திருத்தம் அதற்கு அடிப்படை. துணை அதிபருக்கும் இதே தகுதி வேண்டும் என்பதால் 2020இலேயே சிலர் கிளப்பிய கேள்வி இது.

ஆனால் ஜான் மெக்கெய்ன் பிறந்தது பனாமா கால்வாய் மண்டலத்தில், டெட் குரூஸ் பிறந்தது கனடாவின் கால்கரியில். இருவரும் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டார்கள். ஆகவே ‘மண்ணின் மைந்தர்’, ‘பிறப்பிடக் குடிமகன்’ எல்லாம் உதவாது. ‘பிறப்பால்’ என்றும் போட முடியாது. நம் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் அது இந்திய மண்ணில் பிறந்தவருக்கான வகை; வெளிநாட்டில் பிறந்த பிள்ளை வம்சாவளிக் கணக்கில் போய்விடும். குழந்தை குரூஸுக்கு நம் முறையில் அந்த இரண்டாவது பெட்டிதான். என் பரிந்துரை: ‘பிறப்புமுதல் குடியுரிமையர்’. ஆண்பால், பெண்பால் தொல்லையும் இல்லை.

திருவாரூர் அன்பர்:
ஆமோதிக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

தஞ்சாவூர் கல்வெட்டு அன்பர்:
உட்குடியை விட மனமில்லை. இருந்தாலும் சரி.

மன்னார்குடி ஆசிரியை:
நன்றி, அதையே போட்டு டிடிபிக்கு அனுப்பிவிட்டேன்.

கும்பகோணம் புலவர்:
அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும், என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பிறகுடியை விட்டுவிட்டேன், இது வேறு. அயல்நாட்டில் குடிமக்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் இத்தொடரில் சேர்த்து 1790இல் ஒரு சட்டம் செய்தார்கள். 1795இல் புதுச்சட்டம் போட்டபோது அந்தத் தொடரைக் காணோம். மெக்கெய்ன் தகுதியுடையவரே என்று 2008இல் செனட் போட்ட தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. அதிபர் தகுதி என்ற கோணத்தில் இதன் பொருளை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இன்றுவரை தீர்த்துச் சொல்லவில்லை. மூலத்தில் கலங்கலாக இருப்பதை ‘பிறப்புமுதல்’ என்று தெளிவாக எழுதினால், அவர்கள் தராத தீர்ப்பை நாம் மன்னார்குடியில் தந்துவிடுகிறோம். குரூஸ் தகுதியுடையவரா என்று தேர்வில் கேட்டால், இந்தச் சொல்லைப் படித்த பிள்ளை யோசிக்காமல் ஆம் என்று எழுதும். வக்கீல் சார் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நாகப்பட்டினம் வழக்கறிஞர்:
அடிக்குறிப்பு போட்டால் போதாதா ஐயா?

கும்பகோணம் புலவர்:
போதாது.