அந்தக் காலத்து அமெரிக்காவில் காரில் போன கறுப்பின மக்கள் இரவில் எங்கே தங்கினார்கள்?

கொக்குவில் வாசகி:
என் அம்மப்பா வெளியூர் போகும்போது துணிப்பையில் ஒரு மூக்குப்பேணி கொண்டு போவாராம். தேத்தண்ணிக் கடைகளில் சாதியைச் சொல்லி அவரை உள்ளே இருக்க விடமாட்டார்கள். வெளியே நிற்கவைத்துச் சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார்கள். அதற்கு மனம் ஒப்பாமல் தன் பேணியை நீட்டுவாராம். விளிம்பு நசுங்கிய அந்தப் பேணி இன்னும் எங்கள் அடுப்படியில் இருக்கிறது. அமெரிக்காவில் இனப்பிரிவினைக் காலத்தில் கறுப்பின மக்களும் சாப்பாடு கட்டிக்கொண்டுதான் பயணம் போனார்கள் என்று படித்தேன். சாப்பாடு சரி, நாள்கணக்கில் கார் ஓடினால் எங்கே படுப்பார்கள்?

சுன்னாகம் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பிள்ளை, அதற்கென்றே ஒரு கையேடு இருந்தது. நியூயோர்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிறீன் என்ற தபால்காரர் 1936இல் தொடங்கிய 'கிறீன் புக்'. முதலில் நியூயோர்க் வட்டாரம் மட்டும், பிறகு நாடு முழுவதும். எந்த ஹோட்டலில் இடம் தருவார்கள், எங்கே சாப்பிடலாம், எங்கே முடி வெட்டலாம் என்று ஊர் ஊராக இருக்கும். எஸ்ஸோ பெற்றோல் நிலையங்களிலும் கிடைத்தது. ஹோட்டல் இல்லாத ஊரென்றால் ஒரு வீட்டு விலாசம் போட்டிருப்பார்கள், பல இடங்களில் ஒரு பெண்ணின் பெயரில். முன்பின் தெரியாதவருக்குப் பாய் விரித்த வீடுகள் அவை. அந்த வரிகளை வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். பொழுதுபட்டபின் கறுப்பினத்தவர் நிற்கவே கூடாத ஊர்கள் தெற்கில் மட்டுமல்ல, வடக்கிலும் மேற்கிலும் இருந்தன. அங்கே இருட்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ரொறன்ரோ அக்கா:
சாப்பாடு போனது சப்பாத்துப் பெட்டியில், தங்கச்சி. பொரித்த கோழி, அவித்த முட்டை. பெற்றோல் நிலையத்தில் கழிவறையைத் திறந்துவிட மாட்டார்கள் என்பதால் பிள்ளைகளுக்காகக் காரில் ஒரு வெறுந்தகரமும் இருக்கும். சிலர் சாரதித் தொப்பி ஒன்றும் வைத்திருந்தார்கள். பொலிஸ் மறித்தால், 'இது முதலாளியின் கார்' என்று சொல்லத்தான். சொந்தக் காசில் வாங்கிய காரை!

சுன்னாகம் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அங்கே 1964இல், ஹோட்டல்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் இனப்பிரிவினையைத் தடை செய்த குடிசார் உரிமைகள் சட்டம் வந்தது. கிறீன் புக்கின் கடைசிப் பதிப்பு 1966-67க்கு உரியது. இங்கே இலங்கையில் சாதித் தடைகளுக்கு எதிராக 1957இலேயே சட்டம் வந்தும் கடைகள் எல்லாருக்கும் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் போனது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன், வேலியோரம் நின்று பார்த்தேன்.

கொக்குவில் வாசகி:
ஐயா, அம்மப்பாவும் அந்த ஊர்வலத்தில் நடந்தவர். அன்றும் பேணியைக் கொண்டு போனாரா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.