வாடிவாசலை மறைச்ச சீரியல் பட்டை: நீங்க பார்த்த கூத்தையும் சொல்லுங்க

செல்லூர் வாத்தியார்:
அலங்காநல்லூர் நேரலை. மாடு வாடிவாசல்ல கொம்பை மட்டும் நீட்டி நிக்குது, மைக்குல "அண்டா, கட்டில், சைக்கிள்"னு பரிசை அடுக்குறாங்க. கீழருந்து எந்திரிச்சது ஒரு பட்டை. தாலியைப் பிடிச்சுக்கிட்டு அழுகுற மருமக, "இன்றிரவு ஏழு மணிக்கு". மாடு பாய்ஞ்சதே அந்தப் பொண்ணு நெத்தியிலருந்துதான். திமில் தெரியுது, கால் தெரியல. பிடிச்ச வீரர் மூணு துள்ளல் தாங்குனாரா இல்லையான்னு எதை வச்சு எண்ண? பட்டை இறங்குறப்ப மாடு, சொந்தக்காரங்க பிடிச்சுக்கிற கலெக்‌ஷன் பாயிண்ட் பக்கம் போயிருச்சு.

திருமங்கலம் கேபிள்:
அது ஆஸ்டன் பேண்ட். விளம்பரம் விக்கிற அளவே 10 செகண்ட், மாடு அதுக்குள்ள வெளிய போயிரும். கிரிக்கெட்டுல ஓவர் மாறுறப்ப போட்டுக்கலாம். ஐபிஎல்ல இன்னிங்சுக்கு ரெண்டு டைம் அவுட், தலா ரெண்டரை நிமிஷம். ஜல்லிக்கட்டுல எங்கண்ணே இடைவெளி? ஒண்ணு போனா அடுத்தது. ஆட்டத்தைப் பார்க்காம கடிகாரத்தைப் பார்த்து பட்டனை அமுக்குனா இப்படித்தான். படத்தைச் சுருக்கி, பக்கத்துலயும் கீழயும் 'L' மாதிரி விளம்பரம் போடுற எல் பேண்ட் இன்னும் மோசம். நீளத்துலயும் உயரத்துலயும் 80 சதவீதமாச் சுருக்குனா பரப்புல மிஞ்சுறது 64. உங்க 32 இன்ச் டிவி 26 இன்ச்சுகூட இல்ல.

ஆரப்பாளையம் ரெய்டர்:
கபடில அந்தச் சுருக்கல்தான் கொலை. ரெய்டே 30 செகண்ட். எதிர்ல ஆறு பேர், ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி, பின்னங்கால் அந்தரத்துல. அந்தக் கால் தூக்குறதைப் பார்க்கத்தானே உட்கார்ந்திருக்கோம்? அதுல ரிவ்யூ வேற. கமெண்டரி பெட்டியில சீரியல் ஹீரோவை உட்கார வச்சு "உங்க கல்யாணம் எப்போ?"ங்கிறாங்க. தீர்ப்பு வந்ததையே யாரும் சொல்லல.

கே.கே.நகர்:
வாத்தியாரே, மருமகளைக் குத்தம் சொல்லாதீங்க. ஏழு மணிக்கு ரிமோட் யார் கையில இருக்கு, நம்ம வீட்டுலதானே? டிஆர்பி கணக்கெடுக்குற பார்க் (BARC) அமைப்போட மீட்டரு, சத்தத்துல ஒளிச்சு வச்ச வாட்டர்மார்க்கை வச்சுத்தான் எந்தச் சேனல்னு கண்டுபிடிக்குது. படத்தை முழுசா மூடுனாலும் அதுக்குத் தெரியாது. சேனல் ஓடுனாச் சரி. அப்புறம் சேனல்காரன் ஏன் மாட்டு காலைப் பத்திக் கவலைப்படப் போறான்?

செல்லூர் வாத்தியார்:
ரசனை வேற, விதி வேற. கேபிள் டிவி விதிகள் 1994, 7(11): மணிக்கு 12 நிமிஷம்தான். 10 விளம்பரத்துக்கு, 2 சேனலோட சொந்த விளம்பரத்துக்கு. 7(10)ல, திரைக்குக் கீழ ஓட்டுற எழுத்து நிகழ்ச்சிக்கு இடைஞ்சலா இருக்கக்கூடாதுன்னே இருக்கு. மருமக அழுகை எந்தக் கணக்கு?

மேலூர்:
முதல்ல பட்டை யாருதுன்னு பாருங்க. சேனலை மாத்தியும் அதே பட்டை அப்படியே நின்னா பாக்ஸ் வழியா வருது, ஆபரேட்டரைக் கேளுங்க. ஸ்கோரோட கீழ்வரி வெட்டுப்பட்டா டிவி ஜூம்ல கிடக்கு; படத்தளவை 16:9க்கு மாத்துங்க, சில டிவில "ஜஸ்ட் ஸ்கேன்". புரோமோ வர்றப்ப சத்தம் எகிறுனா ஆட்டோ வால்யூம் போடலாம். ஆனா கூட்டத்துச் சத்தம் கூடுறப்ப கமெண்டரி அமுங்கிப் போகும், கிரிக்கெட்டுக்கு ஓகே, கபடிக்கு வேணாம். டிவியை மியூட் பண்ணிட்டு ரேடியோ வச்சுக்கிறது நல்ல வழி. சாதா எஃப்எம் பெட்டின்னா படத்தைவிடச் சில செகண்ட் முந்தி வரும், ஸ்டம்ப் விழுறதுக்கு முன்னாலயே அவுட்டுன்னு கேட்டுரும். போன் ஆப்புல கேட்டா அது பிந்தி வரும்.

செல்லூர் வாத்தியார்:
ஜல்லிக்கட்டுக்கு ரேடியோவா மேலூராரே?