ஃபாஸ்டிடியஸ்: ஆளுக்கு ஒரு சொல், பாக்டீரியாவுக்கு வேறு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

எதிலும் எளிதில் திருப்தியடையாதவரைக் குறிக்கும் 'ஃபாஸ்டிடியஸ்' (fastidious) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'நொறுநாட்டியம்' என்று வைக்கலாம் என நம் குழுவில் ஐயா முன்மொழிந்திருந்தார். ஆட்களைப் பொறுத்தவரை அது கச்சிதம். தலையணை உறையில் ஒரு சுருக்கம் இருந்தாலும் படுக்க மாட்டேன் என்பவரை வேறு எப்படிச் சொல்வது? 'நுணுக்கமானவர்' என்றால் பாராட்டாகிவிடும். 'குறைகாணி' பிறரைப் பழிப்பவர். நம்மாள் பழிக்கக்கூட வேண்டாம், முகத்தைச் சுளித்தாலே போதும். வேரிலும் அந்தச் சுளிப்பு இருக்கிறது. லத்தீனில் ஃபாஸ்டிடியம் என்றால் அருவருப்பு. ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் அருவருப்பூட்டும் பொருளைக் குறித்த சொல், பிறகு எதைக் கண்டாலும் அருவருப்படையும் ஆளின்மேல் ஏறிக்கொண்டது. ஏறக்குறைய அதே பொருளில் ஸ்காட்லாந்துப் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'பெர்னிக்கெட்டி'க்கும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் நுண்ணுயிரியலில், வளரச் சிறப்பான ஊட்டப்பொருள்கள் தேவைப்படும் பாக்டீரியாவையும் ஃபாஸ்டிடியஸ் என்பார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு 'நொறுநாட்டிய பாக்டீரியா' வேண்டாம் என்பேன். சிரிப்பு வரும் என்பதற்காக அல்ல, பொருள் தவறிப்போகும்.

ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். அது வளர ஹீமின், என்.ஏ.டி (NAD) என்ற இரண்டு பொருள்களும் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவை வளர்க்கப் பயன்படும், ரத்தம் கலந்த கூழான ரத்த அகாரில் என்.ஏ.டி பெரும்பாலும் சிவப்பணுக்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும். ரத்தத்தைச் சூடாக்கி அணுக்களை உடைத்தால்தான் வெளியே வரும். அப்படிப் பழுப்பாகிப்போனதைத்தான் சாக்லேட் அகார் என்கிறார்கள். (சாக்லேட் துளிகூடக் கிடையாது, இந்தப் பெயரை யாரும் மொழிபெயர்க்கக் கிளம்பிவிடாதீர்கள்.) சாதாரண ரத்த அகாரிலேயே ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற வேறொரு பாக்டீரியா பக்கத்தில் இருந்தால், அது வெளிவிடும் என்.ஏ.டியை வைத்து ஹீமோஃபிலஸ் அதை ஒட்டி மட்டும் சின்னச் சின்னப் புள்ளிகளாக வளரும்.

இதில் நொறுநாட்டியம் எங்கே இருக்கிறது? தானே தயாரித்துக்கொள்ள வழியில்லை, கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பாடநூல்களில் தற்சார்பு ஊட்டம், பிறசார்பு ஊட்டம் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த வரிசையிலேயே 'சிறப்பூட்ட நுண்ணுயிரி' என்று வைக்கலாம். ஒரு சிக்கல்: அவசரமாகப் படித்தால் 'சிறப்பூட்டும்' என்று கண் மாற்றிக்கொள்ளும், ஏதோ நமக்கு நன்மை செய்யும் கிருமி போல. அதனால் முதலில் வரும் இடத்தில் 'சிறப்பு ஊட்டம் நாடும் நுண்ணுயிரி' என்று பிரித்தே எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் உறுப்பினர்கள் 'நாடும்' சரியா, 'வேண்டும்' சரியா என்று சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.