புதுப்பிப்பு: சீரான இயக்கத்தில் தோன்றிய பொய் முடுக்கம்

காற்றுத் தடத்தில் (உராய்வு மிகக் குறையும்படி வண்டியைக் காற்றின் மீது மிதக்கவிடும் ஆய்வகத் தடம்) மாறாத வேகத்தில் ஓடும் வண்டிக்குக் கணக்கில் மட்டும் முடுக்கம் ஏன் வருகிறது என்று முன்பு இந்த இழையில் கேட்டிருந்தேன். காரணம் நேரப் பதிவில்தான் இருக்கிறது என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

வண்டி விநாடிக்கு 0.5 மீட்டர் திசைவேகத்தில் செல்ல, ஒவ்வொரு 5 செ.மீ. குறியையும் அது கடக்கும் நேரத்தைப் பதிவு செய்வதாகக் கொள்வோம், இடைவெளி 0.1 விநாடி. ஒரே ஒரு குறியின் நேரம் 0.005 விநாடி தாமதமாகப் பதிவானால், முந்தைய இடைவெளி 0.105 ஆக நீண்டு திசைவேகம் 0.476 எனவும், அடுத்த இடைவெளி 0.095 ஆகச் சுருங்கித் திசைவேகம் 0.526 எனவும் கிடைக்கும். திசைவேகத்தில் இது ஏறத்தாழ 5 விழுக்காட்டுப் பிழைதான். ஆனால் இவ்விரண்டின் வேறுபாட்டை 0.1 விநாடியால் வகுக்கும்போது, சுழியாக இருக்க வேண்டிய முடுக்கம் 0.5 மீ/வி² ஆகிவிடுகிறது. அதன் இருபுறமும் ஏறக்குறைய பாதி அளவில் எதிர்க்குறி மதிப்புகள் வரும். அட்டவணையில் இந்த வடிவத்தைக் கண்டால், விசையைத் தேடுவதற்கு முன் அந்த நேரப் பதிவைத்தான் சரிபார்க்க வேண்டும்.

எல்லா நேரங்களும் ஒரே அளவு தாமதமானால் அது கழித்தலிலேயே நீங்கிவிடும். கடிகாரமே சீராக வேகமாக ஓடினாலும் திசைவேகம் மட்டுமே மாறும். ஒழுங்கற்ற பிழைதான் உண்மையான தொல்லை. இடைவெளியை இரட்டிப்பாக்கினால் திசைவேகப் பிழை பாதியாகவும், முடுக்கப் பிழை கால் பங்காகவும் குறையும். எனினும் தொலைவு–நேர வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்தும் நேர்கோட்டை வரைந்து, அதன் சாய்விலிருந்து திசைவேகத்தைப் பெறுவதே மேலானது என்று கருதுகிறேன்.